புரிந்தது மேடம்

சத்தியம், சத்தியம், மூன்றாம் தடவையும் சத்தியம். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. என் தலையில் கை வைத்துச் சொல்கிறேன். அங்கே முடி இல்லை, சத்தியம் வழுக்கிவிடும் என்று சந்தேகப்படுகிறவர்கள் தங்கள் தலையைக் கொண்டுவரட்டும், அதிலும் வைக்கிறேன். கொரோனா வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொன்று இருபதுக்கு, சத்திரப்பட்டியில் தறிக்கூடத்தை ஒட்டின ஒரு சின்ன அறையில் மாரீஸ்வரி என்கிற நர்ஸிங் மாணவி கைபேசியைச் சொம்பின்மேல் சாய்த்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். 'புரிந்தது மேடம்' என்ற இரண்டு வார்த்தைகளை எழுதி முடித்தாகிவிட்டது. அனுப்புகிற இடத்துக்கு மேலே கட்டைவிரல் நின்றுகொண்டிருந்தது. அந்த விரலுக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரை அங்குலம் இருந்தது. உலகத்தில் எத்தனையோ பெரிய சண்டைகள் மைல் கணக்கான மைதானத்தில் நடந்திருக்கின்றன; இது அந்த அரை அங்குலத்துக்குள் நடந்தது.

ஜெபமணி மேடம் இன்னும் கேட்கவில்லை, கேட்பார், இன்னும் இரண்டு நிமிஷத்திலோ மூன்று நிமிஷத்திலோ 'புரியுதாம்மா எல்லாருக்கும்' என்று கேட்பார், அதற்குத்தான் விரல் காத்திருக்கிறது, இன்றைக்கு அவளுடைய காவல். நாற்பத்தெட்டுப் பேர் படிக்கிற வகுப்பில் வரிசை எண்படி ஒவ்வொரு நாளும் ஒருத்திக்குக் காவல், அது ஷீபா போட்ட சட்டம், ஷீபாதான் வகுப்புத் தலைவி, 'மேடம் இல்லாத வீடு' என்று அவள் ஆரம்பித்த வாட்ஸப் குழுவில்தான் மற்ற சட்டங்களும் இருக்கின்றன. காவல்காரி ஒருத்தி முழித்திருந்தால் போதும், மற்ற நாற்பத்தேழு பேரும் உள்ளே நுழைந்துவிட்டு, கேமராவை அணைத்து, வாயையும் அடைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். மேடம் வருகைப்பதிவு எடுத்தால் காவல்காரி குழுவில் மணிப் படம் போடுவாள். மேடம் புரிந்ததா என்று கேட்டால் சங்குப் படம். சங்கு வந்த அரை நிமிஷத்துக்குள் நாற்பத்தெட்டுப் 'புரிந்தது மேடம்' வகுப்பில் வந்து கொட்டும், பண்டிகைக்கு முறுக்குப் பிழிகிற மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாக. ஒருத்தி மாவு அரைத்துக்கொண்டே எழுதுவாள், ஒருத்தி குளித்துக்கொண்டே எழுதுவாள். தென்காசிப் பக்கம் ஒருத்தி தாலி ஏறுகிற நேரத்தில் மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் கைபேசியை வைத்து எழுதி அனுப்பினாள், மாப்பிள்ளை அதைத் தனக்குச் சொன்ன சம்மதம் என்று நினைத்துக்கொண்டான், இதற்கும் சத்தியம் செய்தாகிவிட்டது. ஆகவே முதல் ஆளாக எழுத வேண்டியது காவல்காரி, அவளைப் பார்த்து மற்றவர்கள், இதில் பாடம் எங்கே வருகிறது என்று கேட்டால், வருவதில்லை. காவல்காரிகூடப் பாடத்தைக் கேட்பதில்லை, பாடத்துக்கு நடுவே எங்காவது ஆபத்து வருகிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்பாள்.

மாரீஸ்வரி கேட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று. திங்கட்கிழமை குழந்தைகள் வார்டு. ஆஸ்பத்திரியில் பாதி நர்ஸுகள் காய்ச்சலில் படுத்துவிட்டதால் கடைசி வருஷத்துப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லி உத்தரவு வந்திருக்கிறது, நாற்பத்தெட்டுப் பேரும் போகிறார்கள், ஊசியை இவர்கள் கையில்தான் கொடுக்கப்போகிறார்கள், ஆரஞ்சுப் பழத்தில் போட்ட ஊசி இல்லை, குழந்தைக்குப் போடுகிற ஊசி. அதனால் கேட்டாள். எட்டுக் கிலோ குழந்தை என்றார் மேடம். கிலோவுக்கு நூறு மில்லிகிராம் என்றார். புட்டியிலுள்ள பொடியைக் கரைத்த பிறகு ஒரு மில்லியில் நூறு மில்லிகிராம் இருக்கும் என்றார். அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு நடந்த மாதிரி இருந்தது. அப்புறம் மேடம், சீட்டில் டாக்டர் எழுதியிருப்பது ஒரு நாளைக்கா ஒரு வேளைக்கா என்று பார்க்கணும், அதுல ஒரு சங்கதி இருக்கு, கவனிங்க, என்று ஆரம்பித்தபோது குழுவில் எவளோ 'அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா' என்று கேட்டாள், 'இல்லை' என்று மாரீஸ்வரி எழுதினாள், 'எடுக்குமா எடுக்காதா' என்றாள் இன்னொருத்தி, 'தெரியல' என்று எழுதினாள், நிமிர்ந்தபோது சங்கதி முடிந்துவிட்டிருந்தது, பலகையில் நாலா எட்டா என்று தெரியாத ஓர் எண்ணை மேடம் தன் தோளால் மறைத்துக்கொண்டு நின்றார். நாளைக்கா வேளைக்கா. பக்கத்துத் தறி தடக் தடக் என்று அடித்தது, நாளைக்கா வேளைக்கா, நாளைக்கா வேளைக்கா, அந்தத் தறியில் பேண்டேஜ் துணி ஓடிக்கொண்டிருக்கிறது, அது எந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போகும், யார் உடம்பில் சுற்றுவார்கள், எட்டுக் கிலோ உடம்பைச் சுற்ற எத்தனை முழம் வேண்டும், சே, என்ன நினைப்பு இது. எட்டுக் கிலோ என்றால் எவ்வளவு. அம்மா வாசலில் உருட்டிக் கட்டி வைக்கிற பேண்டேஜ் மூட்டை எட்டுக் கிலோ இருக்கும், அதை இடுப்பில் தூக்கி வைத்தால் ஒரு பக்கம் சாய்கிறது, பெரியக்கா மகளும் அப்படித்தான் சாய்வாள், போன மாசம் தூக்கியபோது அவள் வாயில் பால் நாற்றம் அடித்தது, கன்னத்தைப் பிடித்து இழுத்தாள், அந்தக் கை, அந்தக் கையில் நரம்பு எங்கே இருக்கும், நூல் மாதிரி இருக்கும், அதற்குள் நாலு மில்லி போகணுமா எட்டு மில்லி போகணுமா.

கேட்டுவிடலாம். பொத்தானை அமுக்கி, 'மேடம், அந்த நாள் கணக்கு மட்டும் இன்னொரு தடவை' என்றால் முடிந்தது, ஏழே வார்த்தை. ஏழு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், தறி நாலு தடவை அடிக்கிற நேரம். முன்னால் கேட்டவள்தானே அவள். வகுப்பு ஆரம்பித்த முதல் மாசம், காவல் சட்டம் வருவதற்கு முன்னால், சிறுநீரகம் பற்றி ஒரு சந்தேகம் கேட்டாள், மேடம் முகமெல்லாம் மலர்ந்து பலகையில் ஒரு சிறுநீரகம் வரைந்தார், பிறகு இன்னொன்று வரைந்தார், இரண்டுக்கும் குழாய் போட்டார், இருபத்திரண்டு நிமிஷம் கூடப் போய்விட்டது. நாற்பத்தேழு பேருடைய டேட்டா காலி. அன்றைக்குச் சாயங்காலமே அவளுடைய ஆதார் அட்டைப் படத்துக்குக் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்பும் தலையில் கிரீடமும் வைத்து ஒரு ஸ்டிக்கர் வந்தது, கீழே 'டாக்டரம்மா'. நல்லாத்தான் செய்திருந்தார்கள், கிரீடம்கூட நேராக இருந்தது. முதல் நாள் அவளும் சிரித்தாள். காலை வணக்கம் போட்டால், 'எந்திரிங்கடி, டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்துட்டாங்க' என்று ஒருத்தி எழுதுவாள், நாற்பது பேர் சிரிப்பு முகம் போடுவார்கள். யாருக்காவது தலைவலி என்றால் 'டாக்டரம்மாட்ட டோக்கன் வாங்குடி'. மூன்று வாரம் அப்படி. மூன்றாவது வாரத்தில் அவள் காலை வணக்கத்தை நிறுத்திவிட்டாள், அதற்கும் 'டாக்டரம்மா லீவு' என்று வந்தது. ராத்திரிச் சோற்றைத் தட்டில் பிசைந்துகொண்டே இருப்பாள், அம்மா, 'என்னத்தா, மண்ணையா போட்டிருக்கேன்' என்பாள், அம்மாவிடம் என்ன சொல்வது, ஒரு படத்துக்குக் கிரீடம் வைத்துவிட்டார்கள் என்று சொன்னால் அம்மா, நல்லதுதான என்பாள். பிறகு ஒருநாள் அவளே அந்த ஸ்டிக்கரை எடுத்துத் தன் தலைவலிக்குத் தானே போட்டாள், எல்லோரும் சிரித்தார்கள், ஷீபா, 'மாரி செம டி' என்று எழுதினாள், அன்றைக்கு ராத்திரி இரண்டு தட்டு சாப்பிட்டாள். அந்த இரண்டு தட்டுச் சோற்றுக்காகத்தான் அதற்குப் பிறகு ஒரு சந்தேகமும் கேட்கவில்லை. சந்தேகம் கேட்காமல் இருந்தால் கொஞ்ச நாளில் சந்தேகமே வருவதில்லை, அது ஒரு சௌகரியம், புரியாதது புரியாததாகவே தெரியாது, மழைக்கால இருட்டு மாதிரி எல்லாம் ஒரே நிறத்தில் கிடக்கும். இன்றைக்கு என்னவோ இந்த ஒன்று மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

'அம்மா,' என்றார் ஜெபமணி மேடம். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டுக் கேமராவுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். மூக்கின்மேல் முகக்கவசம் அழுத்திய தழும்பு சிவப்பாக இருந்தது, காலையில் வார்டு பார்த்துவிட்டு வந்திருக்கிறார். 'திங்கட்கிழமை நீங்க வார்டுல நிப்பீங்க. நான் ஒவ்வொருத்தி பின்னாலயும் நிக்க முடியாது. எனக்கு இங்க நாப்பத்தெட்டு கறுப்புக் கட்டம்தான் தெரியுது, மூஞ்சி தெரியல. அதனால கேக்குறேன். ஒரே ஒருத்தி புரியலன்னு சொன்னாப் போதும், நான் முதல்ல இருந்து வாரேன். ஒருத்தி போதும்மா. புரியுதா எல்லாருக்கும்?' கேட்டுவிட்டுக் காத்திருந்தார். எப்போதும் காத்திருக்கமாட்டார், இன்றைக்குக் காத்திருந்தார். ஒருத்தி போதும் என்கிறாரே, ஏன் ஒருத்தி என்றார், தெரிந்துதான் சொல்கிறாரா, தன் கட்டத்தைத்தான் பார்க்கிறாரா, இந்தக் கறுப்புக்குள் அவருக்கு என்ன தெரியும். சங்கு போடவேண்டும், பத்து நொடி ஆகிவிட்டது, குழுவில் 'என்னடி சத்தமே இல்ல' என்று வந்துவிட்டது. ஒருத்தி போதும். அந்த ஒருத்தி ஏன் நானாக இருக்கணும், நாற்பத்தெட்டில் நன்றாகப் படிக்கிறவள் யாராவது இருப்பாள், கேட்பாள், கேட்டால் நானும் சேர்ந்து கேட்டுக்கொள்வேன், ஆனால் சங்கு போடாமல் யாருக்கும் மேடம் கேட்டதே தெரியாதே, கேட்டுக்கொண்டிருப்பது நான் ஒருத்திதானே, அப்படியானால் அவர் சொல்கிற ஒருத்தி நான்தானே, நாளைக்கா வேளைக்கா, பெரியக்கா மகளின் கை, கிரீடம் நேராக இருந்தது, வார்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம், வார்டில் யாரையாவது கேட்கலாம், வார்டில் எல்லோருமே நாமாக இருப்போமே, யாரைக் கேட்பது, இருபது நொடி, மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், விரல் வலிக்கிறது, விரல் ஏன் வலிக்கிறது, அரை அங்குலம் ஒரு விரலுக்கு இவ்வளவு கனமா. விரல் விழுந்தது. அவள் அமுக்கினாள் என்று சொன்னால் அது நியாயமில்லை, அமுக்கவில்லை என்றாலும் நியாயமில்லை. புரிந்தது மேடம். கூடவே குழுவில் சங்கு. பிறகு நாற்பத்தேழு தடவை புரிந்தது மேடம், புரிந்தது மேடம், கைபேசிக் கண்ணாடி முழுக்க, தறி ஓடுகிற வேகத்தில். மேடம் அவற்றைப் படித்தார், ஒவ்வொன்றாகப் படித்தார் என்றுகூடச் சொல்லலாம். 'சரிம்மா' என்றார். 'கர்த்தர் கூட இருக்கட்டும்' என்று சொல்லிவிட்டு வகுப்பை மூடினார்.

ஐந்து நிமிஷம் ஆகவில்லை, ஷீபாவிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது, குழுவில் இல்லை, தனியாக. 'ஏ மாரி, இன்னிக்கு நீதான காவல், முழுசாக் கேட்ருப்ப. அந்த எட்டுக் கிலோவுக்கு ஒரு வேளைக்கு எத்தனை மில்லிடி? நான் கேட்டேன்னு யார்ட்டயும் சொல்லிராத.' மாரீஸ்வரி அதை இரண்டு தடவை படித்தாள். ஷீபாவுக்குத் தெரியாதா. அவள் நினைத்துக்கொண்டிருந்தாளே, ஷீபா மாதிரி ஆட்கள் காவல் போட்டு விளையாடுவதே எல்லாம் தெரிந்த திமிரில்தான் என்று. அடுத்தது செண்பகவல்லி. கோவில்பட்டிக்காரி, பருத்தி மில்லில் மதியத்துக்கு மேல் பாதி ஷிப்டு வேலை பார்த்துப் படிக்கிறவள். 'மாரி, வேலைக்குக் கெளம்பிட்டேன், கோவிச்சுக்காம அந்த கணக்கு மட்டும் சொல்லு, எனக்கு மட்டும்தான் புரியலபோல, யார்ட்டயும் சொல்லாத.' எனக்கு மட்டும்தான் புரியலபோல. பன்னிரண்டரைக்குள் பதினொரு பேர் வந்துவிட்டார்கள், பதினொரு பேருக்கும் அவரவருக்கு மட்டும்தான் புரியவில்லை, பதினொரு பேரும் யாரிடமும் சொல்லாதே என்றார்கள், ஒரே தெருவில் பதினொரு வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே பதார்த்தத்தைத் தின்கிற மாதிரி இருந்தது. இப்போதாவது சொல்லலாம், எனக்கும் தெரியலடி என்று. ஆனால் முதல் ஆளாகப் புரிந்தது மேடம் என்று போட்டவள் அவள், நேரம் எல்லோர் கைபேசியிலும் இருக்கிறது, பதினொன்று இருபத்திமூன்று. புரியாமலா சங்கு ஊதினே என்பாள் ஷீபா. எழுதினாள், எட்டு நூறு எண்ணூறு, எண்ணூறுக்கு எட்டு மில்லி, ஒரு வேளைக்கு எட்டு. எழுதும்போது அது சரியாக இருக்கும் போலத்தான் இருந்தது. எழுதினவுடன் எதுவும் கொஞ்சம் சரியாகத்தான் தெரிகிறது. ஷீபாவுக்கு அனுப்பினாள், செண்பகவல்லிக்கு அனுப்பினாள், மற்ற ஒன்பது பேருக்கும் அதையே அனுப்பினாள், பத்தாவது தடவை அனுப்பும்போது அவளே அதை நம்பிவிட்டிருந்தாள். சோறு தின்றாள். மூன்று மணிக்குக் குழுவைத் திறந்தால் அது அங்கே உட்கார்ந்திருந்தது, சிவப்பு எழுத்தில், பூ வரைந்த கட்டம் கட்டி, 'மேடம் சொன்ன ஃபார்முலா, மண்டே வார்டுக்கு, எல்லாரும் நோட்ல எழுதிக்கோங்க.' மேலே சின்னதாக, பல முறை பகிரப்பட்டது. நாற்பது பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

தறி நின்றிருந்தது, கரண்ட் போயிருந்தது, அவ்வளவு அமைதியில் அவளுக்குத் தன் காதுக்குள் ஓடுகிற ரத்தமே கேட்டது. எட்டு. நாற்பத்தெட்டு நோட்டில் எட்டு. அது சரியாகவும் இருக்கலாமே, பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறதே, நாணயம் சுண்டினால் அவ்வளவுதானே, ஆனால் எந்தக் குழந்தையை வைத்துச் சுண்டுவது. கன்னத்தைப் பிடித்து இழுக்கிற கை. வாசலில் அம்மா கையால் சுற்றுகிற இயந்திரத்தில் பேண்டேஜை உருட்டிக்கொண்டிருந்தாள். 'அம்மா, ஒம் போனக் குடு.' 'ஒம் போனுக்கு என்னத்தா வந்துச்சு?' 'சார்ஜ் இல்ல.' சார்ஜ் இருந்தது. அம்மாவின் பொத்தான் கைபேசியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், மேடத்தின் எண்ணை ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினாள், நடுவில் ஒரு தடவை தப்பாகி அழித்தாள், மறுபடி அமுக்கினாள். மணி அடித்தது. எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தாள், அதற்குள் எடுத்துவிட்டார். 'ஹலோ, யாரு?' பின்னால் ஒரு குழந்தை அழுகிற சத்தம். 'மேடம்,' என்றாள், தொண்டை ஆண்பிள்ளைக் குரல் மாதிரி கரகரத்தது, அதுவும் நல்லதுதான். 'மேடம், எங்க யாருக்கும் புரியல மேடம். எட்டுக் கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு எட்டு மில்லின்னு எல்லாரும் எழுதி வெச்சிருக்காங்க.' அந்தப் பக்கம் குழந்தை மட்டும் அழுதது. பிறகு மேடம் மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, 'நாலும்மா,' என்றார். 'அந்த எட்டு ஒரு நாளைக்கு உள்ளது. ரெண்டு வேளையாப் பிரிக்கணும். நாலு.' 'நீ யாருமா பேசுற? பேரைச் சொல்லும்மா, ஒண்ணும் சொல்லமாட்டேன்.' மாரீஸ்வரி வைத்துவிட்டாள். வைத்தபிறகும் கைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா வாசலிலிருந்து, 'யார்ட்டத்தா பேசுற?' என்றாள். 'யார்ட்டயும் இல்ல' என்றாள்.

நாலரைக்கு மேடத்தின் செய்தி வந்தது, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை வகுப்பு, கேமரா போடாதவர்கள் வார்டுக்கு வரவேண்டாம். அவ்வளவுதான், பிள்ளைகள் பிழைத்தன, நாலு என்று நாற்பத்தெட்டு நோட்டிலும் ஏறிவிடும், இந்த இடத்தில் பெருமூச்சு விட்டிருக்கவேண்டும், அவள் விடப்போனாள், அதற்குள் குழுவில் ஷீபா, 'எவளோ மேடத்துக்குப் போன் போட்டிருக்கா, மேடம் இப்பதான் என்னையக் கூப்பிட்டு விசாரிச்சாங்க. நம்ம ஃபார்முலா வரைக்கும் போட்டுக் குடுத்திருக்கா. யாருடி அது?' யாருடி அது. டாக்டரம்மா என்றுதான் முதலில் நினைப்பார்கள், நினைத்துக்கொண்டிருப்பார்கள், இந்த நொடியில் ஒருத்தி எழுதிக்கொண்டிருப்பாள், அவளுக்கு முன்னால் எழுதவேண்டும், எழுதினாள், வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக எதையும் எழுதியதில்லை, 'எவளுன்னு தெரிஞ்சா செருப்பாலயே அடிப்பேன்.' முதல் ஆள் அவள்தான். அதற்குப் பிறகு மற்றவர்கள் வந்தார்கள், நானும், நானும், ஆளுக்கொரு செருப்பு, பத்து நிமிஷத்தில் ஒரு செருப்புக்கடையே வைக்கலாம் போல ஆயிற்று. ஷீபா எண்ணினாள். அவள் எண்ணுவதில் கெட்டிக்காரி. 'ஒருத்தி மட்டும் வாயத் தொறக்கல. செண்பகவல்லி.' மில்லுக்குள் கைபேசி கொண்டுபோக விடமாட்டார்கள், வாசலிலேயே வாங்கிப் பெட்டியில் போட்டுவிடுவார்கள், அது அங்கே எல்லோருக்கும் தெரியும், ஷீபாவுக்கும் தெரியும். யாரும் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னால் சொன்னவளைப் பார்ப்பார்களே. மாரீஸ்வரி, 'அவ மில்லுல இருப்பாடி' என்று எழுதினாள், மூன்று வார்த்தையையும் பார்த்தாள், கடைசியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். 'அமுக்குணி, இவதான்' என்று ஒருத்தி எழுதினாள். ஷீபா செண்பகவல்லியைக் குழுவிலிருந்து நீக்கினாள். நாற்பத்தைந்து பேர் சிரிப்பு முகம் போட்டார்கள், ஒருத்தி போடாமல் இருந்தால் தெரியும், ஆகவே நாற்பத்தாறு.

ஆறேகாலுக்கு மில் விட்டது. ஆறு இருபதுக்கு மாரீஸ்வரியின் கைபேசியில் தனியாக ஒரு செய்தி வந்தது. 'மாரி, என்னைய ஏன் குரூப்ல இருந்து எடுத்துட்டாங்க? நான் என்ன செஞ்சேன்? ஒனக்குத் தெரியுமா?' கரண்ட் வந்து தறி மறுபடி அடிக்க ஆரம்பித்திருந்தது. அந்த மூன்று கேள்விக்கும் மாரீஸ்வரியிடம் பதில் இருந்தது, அன்றைக்குக் கேட்கப்பட்ட கேள்விகளிலேயே அவளுக்கு முழுசாகப் பதில் தெரிந்தவை அவைதான். 'தெரியலயே' என்று எழுதி அனுப்பினாள்.

நடந்தது இவ்வளவுதான். போன் போட்டது யார் என்பது இன்றுவரை அந்த நாற்பத்தாறு பேருக்கும் தெரியாது, செண்பகவல்லிக்கும் தெரியாது, இப்போது உங்களுக்குத் தெரியும். உங்கள் வாயை நம்பித்தான் சொன்னது. மனசு கேட்காமல் எங்காவது உளறத்தான் போகிறீர்கள், உளறுங்கள், ஆனால் உங்களுக்கு இதைச் சொன்ன ஆள் யார் என்று எவராவது கேட்டால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள்.